சத்தியத்துக்குப் பிறகு யார் துணை?

காணிப்பாக்கம் சந்நிதியிலிருந்து நாடாளுமன்றம் வரை நீளும் ஒரு கேள்வி

புது தில்லி: சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது புத்தலப்பட்டு. மாந்தோப்புகளும் மாங்கூழ் ஆலைகளும் பால் பண்ணைகளும் சூழ்ந்த இப்பகுதி, ஆந்திரப் பேரவைத் தேர்தலில் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதியாகும். தமிழக எல்லையை ஒட்டிய இத்தொகுதியில் தெலுங்கோடு தமிழும் புழங்குகிறது. தில்லியில் அரசியல் செய்திகளைத் தொகுப்போருக்கு இத்தொகுதியின் பெயர் தேர்தல் காலத்தில் மட்டுமே நினைவுக்கு வரும். ஆனால் இத்தொகுதிக்குள் அடங்கிய ஓர் ஊரின் பெயர் ஆந்திர அரசியலில் ஆண்டு முழுவதும் ஒலிக்கிறது. அது காணிப்பாக்கம்.

முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயில், சத்தியத்துக்குப் பெயர் பெற்றது. "காணிப்பாக்கத்தில் வந்து சத்தியம் செய்யத் தயாரா?" என்று அரசியல்வாதிகள் ஒருவருக்கொருவர் சவால் விடுவது அம்மாநிலத்தில் வழக்கம். விநாயகர் முன் பொய் சொன்னால் தண்டனை நிச்சயம் என்பது மக்களின் நம்பிக்கை.

இதே சந்நிதியில் வேறொரு சத்தியமும் செய்யப்படுகிறது. மதுப் பழக்கத்திலிருந்து விடுபட விரும்பும் ஆண்கள் குளத்தில் நீராடி, ஈர உடையுடன் விநாயகர் முன் நின்று, இனி மதுவைத் தொடமாட்டேன் என்று உறுதி கூறுகின்றனர். மனைவியும் தாயும் அழைத்து வருகின்றனர். சிலரைக் குழந்தைகள் கைப்பிடித்து அழைத்து வருகின்றனர்.

அந்தச் சத்தியத்தை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. குடும்பத்தினர் அறிய, ஊரறிய, தனக்கொரு பிரச்னை இருக்கிறது என்று ஒருவர் ஒப்புக்கொள்ளும் அரிய தருணம் அது. மருத்துவமனைகளால் எளிதில் உருவாக்க முடியாத தருணமும் கூட. ஆனால் சத்தியம் செய்தவர் மறுநாள் அதே தெருவுக்கு, அதே கூலிக்கு, அதே நண்பர்களிடம், அதே கடை வாசலுக்குத்தான் திரும்புகிறார். அங்கே அவருக்கு யார் துணை என்ற கேள்விக்குக் கோயிலிலும் பதில் இல்லை. அரசிடமும் போதுமான பதில் இல்லை.

முதல் நான்கு நாள்கள்

பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிக அளவில் மது அருந்தி வந்த ஒருவர் திடீரென அதை நிறுத்தினால், உடல் அதை ஏற்காது. ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை, பதற்றம் ஆகியவை தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். இல்லாத குரல்கள் காதில் கேட்கும். உரிய சிகிச்சை கிடைக்காவிட்டால் இந்த நிலை உயிரையே பறிக்கக் கூடும்.

ஆக, மிகுந்த உறுதியோடு சத்தியம் செய்து, அன்றே முழுமையாக நிறுத்தியவருக்கே இந்த ஆபத்து அதிகம். வீட்டில் உள்ளோர் இதனைச் சாமி குற்றம் என்றோ, காற்று கருப்பு என்றோ எண்ணிவிடுகின்றனர். நடுக்கத்தைத் தணிப்பதற்காக அவர்களே சிறிது மதுவை வாங்கிக் கொடுப்பதும் உண்டு. நடுக்கம் நிற்கும்; சத்தியம் முறியும். ‘சாமிக்கே துரோகம் செய்தவன்' என்ற பட்டம் அன்று முதல் அவர் மீது விழும். மருத்துவம் அறிந்திருந்தால் சில மாத்திரைகளாலும், தயாமின் என்ற வைட்டமின் ஊசியாலும், சில நாள் கண்காணிப்பாலும் கடந்திருக்கக் கூடிய கட்டம், ஒரு மனிதரின் ஒழுக்கத்தின் மீதான இறுதித் தீர்ப்பாகிவிடுகிறது.

இதற்கு ஆந்திரத்திலேயே கசப்பான சாட்சி உண்டு. கொரோனா பொது முடக்கக் காலத்தில், 2020-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், பிரகாசம் மாவட்டம் குரிச்சேடுவில் மதுக்கடைகள் மூடப்பட்டிருந்தபோது, கை கழுவப் பயன்படும் சானிடைசரைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு தொடக்கத்தில், மது கிடைக்காமல் தவிப்போருக்கு மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்கலாம் என்று கேரள அரசு ஆணை பிறப்பித்தது, மருத்துவர்கள் எதிர்த்தனர், கேரள உயர் நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. கடைக்குப் பூட்டுப் போட்டால் பழக்கமும் பூட்டப்பட்டுவிடும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை அந்த ஆண்டு உணர்த்தியது.

38 பேரில் ஒருவர்

மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் (எய்ம்ஸ்) தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் அறிக்கை 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியானது. சுமார் 2 லட்சம் வீடுகளில் 4.73 லட்சம் பேரிடம் தகவல் திரட்டப்பட்டது. அதன்படி 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவோர். இவர்களில் 5.7 கோடிப் பேருக்கு ஏதேனும் ஓர் உதவி தேவைப்படுகிறது. சுமார் 2.9 கோடிப் பேர் மதுவுக்கு அடிமைப்பட்ட நிலையில் உள்ளோர்.

உதவி தேவைப்படுவோரின் எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த நிலையில் ஆந்திரமும், அதனை அடுத்துத் தமிழகமும் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. எல்லையின் இரு புறமும் உள்ள தெலுங்கரும் தமிழரும் இவ்விஷயத்தில் ஒரே படகில்தான் பயணிக்கின்றனர்.

அவ்வறிக்கையின் மிக முக்கியமான எண், பேரவைகளிலும் நாடாளுமன்றத்திலும் அதிகம் பேசப்படாத ஒன்று. மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றுள்ளார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர் மட்டுமே. அதற்கு முன், பெங்களூரு ‘நிம்ஹான்ஸ்' நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வும் இதே நிலையைத்தான் காட்டியது. மதுவால் பாதிக்கப்பட்டோரில் சுமார் 86 சதவீதத்தினர் சிகிச்சை பெறாதவர்கள் என்று அது கூறியது.

மீதமுள்ள 37 பேர் ஏன் வரவில்லை? மருத்துவமனை தொலைவில் உள்ளது என்பது ஒரு காரணம். பணமில்லை என்பது மற்றொன்று. இது நோய் என்றே தெரியாது என்பது மூன்றாவது. இவை அனைத்துக்கும் மேலாக நிற்பது அவமானம்.

உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் இந்தியா உள்பட 14 நாடுகளில் நடத்தப்பட்டு 2001-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சமூகம் அதிகமாக வெறுக்கும் நிலைகள் எவை என்று கேட்கப்பட்டது. கொடுக்கப்பட்ட 18 நிலைகளில் போதைப் பொருளுக்கு அடிமையாதல் முதலிடத்திலும், குடிக்கு அடிமையாதல் நான்காம் இடத்திலும் வைக்கப்பட்டன. சர்க்கரை நோய்க்காக மருத்துவமனை வரிசையில் நிற்பவரை அக்கம்பக்கத்தார் நலம் விசாரிக்கின்றனர். குடிநோய்க்காக அதே வரிசையில் நிற்பவரைக் கண்டால், அவர் மகளின் வரன் பேச்சு நின்றுவிடுகிறது.

விகுதியில் உள்ள மரியாதை

இந்த வெறுப்பு நாம் பேசும் மொழியிலேயே ஊறிக் கிடக்கிறது. தமிழில் ‘குடிகாரன்' என்கிறோம்; தெலுங்கில் ‘தாகுபோது' என்கின்றனர். இரண்டும் வசைச் சொற்கள். ‘குடிகாரன்' என்ற சொல்லின் விகுதியிலேயே மரியாதை பறிக்கப்பட்டுவிடுகிறது. ‘காசநோயாளி வந்தார்' என்று எழுதும் பத்திரிகைகளே ‘குடிகாரன் வந்தான்' என்று எழுதி வந்துள்ளன. இத்துறையில் பணியாற்றுவோர் ‘குடிநோய்', ‘குடிநோயாளி' என்ற சொற்களைத் தொடர்ந்து வலியுறுத்தி வருவதற்குக் காரணம் இதுவே.

நோய் என்று கூறினால் பொறுப்பிலிருந்து தப்பிக்க வழி செய்து கொடுத்ததாகாதா என்று கேட்போரும் உண்டு. அடி வாங்கிய மனைவியும், பள்ளிக் கட்டணத்தை இழந்த பிள்ளையும் கேட்கும்போது அது நியாயமான கேள்வியே. நோய் என்று ஏற்பது, செய்த கொடுமையை மன்னிப்பதாகாது. சிகிச்சைக்கு வர வேண்டியதும், வந்த பின் தொடர வேண்டியதும், இழைத்த தீங்குக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நோயாளியின் கடமையே. ஆனால் அவர் அந்தக் கடமையை நிறைவேற்ற வேண்டுமானால், வாசற்கதவு திறந்திருக்க வேண்டும்.

அவமானம் கதவை அடைக்கும்போது திருட்டு வழிகள் திறக்கின்றன. ‘குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை மறக்கச் செய்யலாம்' என்ற விளம்பரங்களைப் பேருந்து நிலையச் சுவர்களில் காணாதவர் இல்லை. மதுவோடு சேர்ந்தால் கடுமையான எதிர்விளைவை உண்டாக்கும் டைசல்பிரம் போன்ற மருந்தை நோயாளிக்குத் தெரியாமல் உணவில் கலப்பது ஆபத்தானது. முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே கேடு நேரலாம். மருத்துவர் மேற்பார்வையில், நோயாளியின் சம்மதத்துடன் மட்டுமே தரப்பட வேண்டிய மருந்து அது.

மற்றொரு வழி, ‘மறுவாழ்வு இல்லம்' என்ற பெயரில் அடைத்து வைப்பது. சங்கிலி எதற்குக் கொண்டு செல்லும் என்பதைத் தமிழகம் அறியும். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் கருகி உயிரிழந்தனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. மது மற்றும் போதைப் பொருள்களால் ஏற்படும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் அச்சட்டம் கொண்டு வந்துள்ளது. குடிநோயாளிக்கும் கண்ணியமான சிகிச்சை பெறும் உரிமை உண்டு என்பதே இதன் பொருள்.

மூன்று முறை பூட்டப்பட்ட கடை

மதுவை எதிர்த்த வரலாறு சித்தூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். அடுத்த ஆண்டே அது விரிவாக்கப்பட்டது சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்குத்தான். போர்க் காலத்தில் அது கைவிடப்பட்டு, விடுதலைக்குப் பின் மாகாணம் முழுவதற்கும் வந்தது.

பின்னர் ஆந்திரத்தில் சாராயம் மீண்டும் ஓடியது. அதை நிறுத்தியவர்கள் பெண்கள். நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்தில், அறிவொளி இயக்க வகுப்புகளில் எழுத்தறிந்த பெண்கள், 1990-களின் தொடக்கத்தில் சாராயக் கடையை மூடச் செய்தனர். அந்தத் தீ சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்குப் பரவியது. 1993-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி முதல் கோட்ல விஜயபாஸ்கர ரெட்டி அரசு சாராயத்துக்குத் தடை விதித்தது. 1994 டிசம்பரில் ஆட்சிக்கு வந்த என்.டி. ராமராவ், 1995 ஜனவரி முதல் முழு மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். 1997-இல் சந்திரபாபு நாயுடு அரசு அதனைத் தளர்த்தியது.

2019-இல் ஜெகன்மோகன் ரெட்டி, படிப்படியான மதுவிலக்கு என்ற வாக்குறுதியுடன் ஆட்சிக்கு வந்தார். கடைகள் அரசு வசம் வந்தன, எண்ணிக்கை குறைக்கப்பட்டது, விலை உயர்த்தப்பட்டது. முழு மதுவிலக்கு வரவில்லை. 2024 அக்டோபரில், மீண்டும் ஆட்சிக்கு வந்த சந்திரபாபு நாயுடு அரசு, 3,396 கடைகளைக் குலுக்கல் முறையில் தனியாருக்கு வழங்கியது, ரூ. 99 விலையில் மது கிடைக்கவும் வழி செய்தது.

எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த விவாதம் முழுவதும் கடையைச் சுற்றியே நடந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கடை வேண்டுமா, வேண்டாமா? அரசு நடத்துவதா, தனியார் நடத்துவதா? எத்தனை மணிக்குத் திறப்பது? என்ன விலைக்கு விற்பது? ஒவ்வொரு ஆட்சி மாற்றத்தின்போதும் கடையின் தலையெழுத்து மாறியது. கடை வாசலில் விழுந்து கிடந்தவரைப் பற்றிய கொள்கை எதுவும் தேர்தல் வாக்குறுதியாக முன்னுக்கு வரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது தமிழகத்திலும் இதுவே நடந்தது. விற்றவர் யார், விட்டவர் யார் என்ற வாதம் நடந்தது. நாள்தோறும் அதைக் குடிக்க வேண்டிய நிலையில் இருந்தவர்களின் சிகிச்சை பற்றிய பேச்சு அடியில் அமுங்கிப் போனது.

நான்கு அலுவலகங்கள், ஒரு நோயாளி

தில்லியில் இருந்து பார்க்கும்போது இதற்கான காரணம் ஓரளவு விளங்குகிறது. அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு, மதுவிலக்கை அரசின் வழிகாட்டு நெறியாகக் கூறுகிறது. ஆனால் மது மாநிலப் பட்டியலில் உள்ளது. அதன் வருவாய் மாநிலத்துக்குரியது. போதைப் பொருள் தடுப்பு மத்திய உள்துறையின் கீழ் வருகிறது. போதை மீட்பு, மறுவாழ்வு ஆகியவை சமூக நீதி அமைச்சகத்தின் பொறுப்பு. மருத்துவச் சிகிச்சை சுகாதாரத் துறையின் பொறுப்பு. இந்த நான்கு அலுவலகங்களுக்கும் இடையே நிற்கும் நோயாளி, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் வீடு திரும்புகிறார்.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களுக்கு மத்திய அரசு நிதி தருகிறது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி 272 மாவட்டங்களில் தொடங்கப்பட்ட ‘போதையில்லா பாரதம்' இயக்கம், பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது. மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் சேவை அளிக்கிறது.

சட்டத்திலும் ஒரு சன்னல் திறந்தே உள்ளது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம், போதைப் பொருளை உட்கொள்வதைத் தண்டனைக்குரிய குற்றமாகவே வைத்துள்ளது. எனினும், அச்சட்டத்தின் 64ஏ பிரிவு, தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறும் போதை அடிமைகளுக்கு, உட்கொண்ட குற்றத்துக்கும் சிறிய அளவு தொடர்பான குற்றங்களுக்கும் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. இப்படியொரு பாதுகாப்பு உள்ளது என்பது கிராமத்துத் தாய்மார்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. போலீஸாருக்குப் பயந்து மகனை மறைக்கும் தாய்க்கு இதைச் சொல்வதே பாதி மருத்துவம்.

2022-ஆம் ஆண்டு டிசம்பரில் மக்களவையில் போதைப் பொருள் பிரச்னை மீது நடைபெற்ற விவாதத்துக்குப் பதிலளித்த உள்துறை அமைச்சர் அமித் ஷா, போதைப் பொருளை உட்கொள்பவர் பாதிக்கப்பட்டவர், அதை வியாபாரம் செய்பவரே குற்றவாளி என்ற கருத்தை வலியுறுத்தினார். கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் கவலை தெரிவித்த விவாதம் அது. அக்கருத்து அவைக் குறிப்பில் ஏறிவிட்டது. காவல் நிலையத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ஊர்க் கூட்டத்திலும் அது ஏறியுள்ளதா என்பதே கேள்வி.

மஞ்சக்குடி காட்டிய வழி

ஊர் மக்கள் முன்வந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே முன்னுதாரணம் உண்டு. மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன், 1979-ஆம் ஆண்டு குடிநோயால் இளம் வயதிலேயே காலமானார். அவரது மனைவி சாந்தி ரங்கநாதன், அந்தத் துயரத்தை மூடி மறைக்கவில்லை. 1980-இல் கணவர் பெயரிலேயே சென்னையில் சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். வசதியும் கல்வியும் செல்வாக்கும் உள்ள குடும்பத்தையும் இந்நோய் விட்டு வைக்காது என்பதை ஒரு பெண் பகிரங்கமாகச் சொன்னது, அக்காலத்தில் சாதாரணச் செயலல்ல. 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1999-இல் ஐ.நா. வியன்னா குடிமைச் சமூக விருதையும் பெற்றார்.

நகரத்து மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்காக, அந்த மையம் 1989-ஆம் ஆண்டு, இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் நடத்தியது. ஊரில் உள்ள ஒரு நிறுவனம் ஆதரவளிக்க, மருத்துவர்களும் ஆலோசகர்களும் அங்கேயே தங்கி, சுமார் இரு வாரங்கள் சிகிச்சை அளித்தனர். குடும்பத்தினருக்கும் தனியே ஆலோசனை வழங்கப்பட்டது. முகாம் முடிந்த பின்னும் தொடர் கண்காணிப்பு நடந்தது. இந்த அனுபவம் 1994-இல் சர்வதேச ஆய்விதழ் ஒன்றிலும் இடம்பெற்றது.

இம்முறையின் பலம், மருந்தைவிட ஊரில் உள்ளது. சிகிச்சை பெறுபவரை ஊரே பார்க்கிறது. அவரோடு சேர்ந்து பக்கத்துத் தெருக்காரரும் சிகிச்சை பெறுகிறார். ஒளிந்து செய்ய வேண்டிய காரியம் என்ற நிலை மாறி, ஊர் நடத்தும் காரியமாகிவிடுகிறது. முகாம் முடிந்து வீடு திரும்புபவரைக் குடிக்க அழைப்பதற்கு நண்பர்கள் ஒருமுறை யோசிக்கின்றனர்.

அமெரிக்காவில் 1935-இல் தோன்றி, 1957 முதல் இந்தியாவில் செயல்படும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு வேறொரு வழியைக் காட்டுகிறது. குடியிலிருந்து மீண்டவர்களும் மீள விரும்புவோரும் கூடி, பெயரை வெளியிடாமல், தத்தம் அனுபவத்தைப் பகிர்ந்து கொள்கின்றனர். கட்டணம் கிடையாது. பெயர் வெளிவராது என்பது நகரவாசிக்குப் பெரிய கவசம். ஆனால் புத்தலப்பட்டு போன்ற பகுதியில், யார் எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார் என்பது மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அங்கே மறைப்பு கவசமாகாது. ஊரின் மதிப்பே கவசமாக வேண்டும்.

மருத்துவர்கள் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை உண்டு. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டம் பெறாத, ஆனால் உரிய பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு, மதுவால் பாதிக்கப்பட்ட 377 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு, 2017-ஆம் ஆண்டு ‘லான்செட்' இதழில் வெளியானது. வழக்கமான கவனிப்பு பெற்றோரில் 26 சதவீதத்தினர் மூன்று மாதங்களில் நலமடைந்தனர். நான்கு அமர்வுகள் வரை ஆலோசனையும் சேர்த்துப் பெற்றோரில் 36 சதவீதத்தினர் நலமடைந்தனர். மிகக் கடுமையாக அடிமைப்பட்டவர்களுக்கு இது மட்டும் போதாது. ஆனால், அந்த நிலையை எட்டுவதற்கு முன்பே பலரைத் தடுத்து நிறுத்த இது உதவும்.

ஊர் என்ன செய்யலாம்?

இந்த அனுபவங்களைப் புத்தலப்பட்டு மண்ணில் பொருத்திப் பார்ப்பது கடினமல்ல. காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்ய வருபவரிடம், எவ்வளவு நாளாக, எவ்வளவு குடிக்கிறீர்கள், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று மூன்று கேள்விகளைக் கேட்க ஒரு சுகாதாரப் பணியாளர் போதும். ஆபத்து உள்ளவரை முதலில் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, நலமடைந்த பின் சந்நிதிக்கு அழைக்கலாம். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை உள்ளது. விநாயகர் சில நாள்கள் காத்திருப்பார்.

ஆந்திரத்தின் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் கிராமந்தோறும் வேரூன்றியவை. சாராயக் கடையை மூடிய மாநிலத்தின் பெண்களுக்கு இந்தக் களம் புதிதல்ல. ஆனால் கணவரைத் திருத்தும் பாரத்தையும் அவர்கள் தலையிலேயே ஏற்றுவது நியாயமாகாது. அடியும் அச்சமும் உள்ள வீட்டில் முதலில் காக்கப்பட வேண்டியவர்கள் மனைவியும் குழந்தைகளுமே. குழுக் கூட்டத்தில் அதைப் பற்றி வெட்கமின்றிப் பேச இடமளிப்பதே முதல் உதவி.

வேலை கொடுப்போருக்கும் பங்குண்டு. மாங்காய்ப் பருவத்தில் கையில் கூலி விழும் மாலையே கால் வழுக்கும் மாலை. மீண்டு வந்தவருக்கு வேலை மறுக்காதிருப்பதும், அவர் சம்மதித்தால் கூலியை வங்கிக் கணக்கில் செலுத்துவதும் எந்த ஆலைக்கும் பெரும் செலவாகாது. திருமணத்திலும் திருவிழாவிலும் ‘ஒருநாள் தானே' என்று வற்புறுத்தாமல் இருப்பதற்குச் செலவே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, சறுக்கலைப் பற்றிய புரிதல் தேவை. குடிநோயிலிருந்து மீள்வோர் ஒன்றிரண்டு முறை சறுக்குவது பரவலாகக் காணப்படும் ஒன்று. ரத்த அழுத்தம் மீண்டும் ஏறியவரை மருத்துவர் திட்டி விரட்டுவதில்லை, மருந்தை மாற்றுகிறார். குடிநோயில் மட்டும் முதல் சறுக்கலையே இறுதி முடிவாக ஊர் அறிவித்துவிடுகிறது. சத்தியத்தை முறித்தவர் என்பதால் வீட்டுக்கும் கோயிலுக்கும் முகம் காட்ட முடியாதவர், கடைக்கு மட்டுமே முகம் காட்ட முடிகிறது.

நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் போதைப் பொருள் பற்றிய வினாக்கள் எழுகின்றன. பறிமுதல் செய்யப்பட்ட கிலோக்கள், கைது செய்யப்பட்டோர், விழிப்புணர்வுப் பேரணிகள் ஆகியவற்றின் பட்டியல் பதிலாக அவையில் வைக்கப்படுகிறது. சித்தூர் போன்ற தொகுதிகளின் உறுப்பினர்கள், இனி வேறொரு கேள்வியைக் கேட்கலாம். என் தொகுதியில் சிகிச்சைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? ஓராண்டுக்குப் பின்னும் மீண்ட நிலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களில் வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர்? கேள்வி மாறினால், அதிகாரிகள் திரட்டும் கணக்கும் மாறும். கணக்கு மாறினால் நிதி ஒதுக்கீடும் மாறக் கூடும்.

காணிப்பாக்கம் குளத்தில் நீராடி எழுபவர், தம்மால் இயன்ற மிகப் பெரிய வாக்குறுதியை ஊருக்கு அளித்துவிடுகிறார். பதிலுக்கு ஊரும், மாநிலமும், நாடாளுமன்றமும் அவருக்கு அளித்த வாக்குறுதி என்ன என்பதே இனி விவாதிக்கப்பட வேண்டியது.